எடுத்த இடம்: புன்னைக்காயல் சேறு

ஆகஸ்ட் 4, திங்கள்

முழு மரபணு ஒப்பீடும் இன்று வந்துவிட்டது. பி.கே. 31 இதுவரை உலகில் யாரும் பெயர் வைக்காத இனம். சந்தேகமே இல்லை. புன்னைக்காயல் கழிமுகத்தில், அலையாத்திக் காட்டுக்குள் முழங்கால் சேற்றில் நின்று நான் அள்ளிவந்த மண்ணிலிருந்து வந்த பாக்டீரியா. சத்துக் கூழ் ஊற்றி உறையவைத்த ஆய்வகத் தட்டில் குண்டூசித் தலை அளவுக்கு ஆரஞ்சுப் புள்ளிகளாக வளரும். கண்ணுக்குத் தெரியவே பன்னிரண்டு நாள் ஆகும். மற்றவர்கள் ஏழாம் நாளே தட்டுகளைக் கழுவப் போட்டுவிடுவார்கள். பொறுமை என்பது எங்கள் துறையில் என்னைத் தவிர யாருக்கும் கிடையாது.

பேராசிரியர் அழகியநம்பியிடம் போய்ச் சொன்னேன். ஒரு வரி வாழ்த்தினார். அடுத்த வரியிலேயே பெயருக்கு வந்துவிட்டார்.

“நம்ம துணைவேந்தர் பேரையே வச்சிருவோம்மா. மனுசன் குளுந்து போயிருவாரு.”

துணைவேந்தர் நீலகண்டதாணு பொருளாதாரம் படித்தவர். பாக்டீரியாவோடு அவருக்கு உள்ள ஒரே தொடர்பு தயிர்ச்சாதம். அழகியநம்பி சாருக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்ள ஆசைதான். முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் கட்டுரை எழுதுகிறவர் தன் பெயரைத் தானே சூட்டிக்கொண்டால் இந்தத் தொழிலில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆகவே துணைவேந்தர். அடுத்த வருடம் புல முதல்வர் பதவி காலியாகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆண் பெயரென்றால் லத்தீன் முறைப்படி கடைசியில் ஒரு ‘இ’ சேர்க்க வேண்டும். நீலகண்டதாணுவி. ஊறுகாய்க் கம்பெனிக்கு வைக்கலாம்.

பெயர் என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும். மார்ச்சோடு என் திட்டப் பணி முடிகிறது. அலையாத்திச் சேற்றில் புதிய இனம் என்று கட்டுரை வந்தால்தான் இரண்டாம் கட்டம் கிடைக்கும், எனக்கும் இன்னும் மூன்று வருடம் இந்த மேசை இருக்கும். இல்லாவிட்டால் முப்பத்தாறு வயதில் அண்ணன் வீட்டு மாடி அறை.

ஆகஸ்ட் 7, வியாழன்

விடுதியில் கேஸ் தீர்ந்து காலையில் வெறும் ரொட்டி. பசியோடு ஆய்வகத்துக்கு வந்தால் அடுத்த மேசையில் ஞானதிரவியம் காராச்சேவு தின்றுகொண்டிருக்கிறான்.

இவனைப் பற்றி எழுத வேண்டும் என்றால் தனி நோட்டு போட வேண்டும். மெஞ்ஞானபுரத்துக்காரன். முனைவர் பட்டத்துக்கு ஆறாம் வருடமாக உழுதுகொண்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டைத் திங்கள் முதல் சனி வரை முணுமுணுப்பான். எண்ணெய்க் கையைக் கோட்டில் துடைப்பான். இவ்வளவும் செய்துவிட்டு ஒவ்வொரு தடவையும் பயபக்தியோடு ஒரு கண்ட்ரோல் தட்டு வைப்பான். அதாவது சேறே போடாத வெறும் தட்டு. அதில் எதுவும் வளரக் கூடாது. வளர்ந்தால் வேலை சுத்தமில்லை என்று பொருள். அவனுடையதில் வளர்கிறது. தவறாமல் வளர்கிறது.

நான் கண்ட்ரோல் தட்டு வைப்பதை விட்டு நாலு வருடமாகிறது. கை பழகாதவர்களுக்குத்தான் அது தேவை.

“யக்கா, ஒங்க வைட்டமின் தண்ணி ஊத்த ஆரம்பிச்ச பொறவுதான் இப்படி வருதுன்னு நெனைக்கேன்,” என்றான்.

வாயில் காராச்சேவு இருந்ததால் மன்னித்தேன். பாக்டீரியாவுக்குத் தீனியாகத் தட்டில் சேர்க்கும் வைட்டமின் கரைசல் இந்த ஆய்வகத்தில் என்னைத் தவிர யாருக்கும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது. வைட்டமின் சூட்டில் கெட்டுவிடும், அதனால் அதைக் கொதிக்க வைக்க முடியாது. டிஸ்டில்டு வாட்டரில் கலக்கி, மிக நுண்ணிய வடிகட்டி வழியாக ஊசியால் தள்ளி எடுப்பேன். அந்த வடிகட்டியைத் தாண்டி ஒரு பாக்டீரியாவும் வராது. பாவம் என்று இவனுக்கும் ஒரு குப்பி கொடுத்தேன் பாருங்கள், அதற்குக் கிடைத்த மரியாதை இது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஞானதிரவியத்தின் வெறும் தட்டில் மறுபடியும். ஆரஞ்சாம். “ஆரஞ்சு கலர்ல வருது, ஒரு எட்டு வந்து பாருங்களேன்” என்று கூப்பிட்டான். இவன் சட்டைகளைப் பார்த்தால் இவனுக்கு நிறம் தெரியும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அடுத்தவர் அழுக்கை எட்டிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

கட்டுரைக்கான சோதனைகள். எந்தச் சூட்டில் வளரும், எந்தச் சர்க்கரையைத் தின்னும், எவ்வளவு உப்பு தாங்கும். பி.கே. 31க்கு உப்பே ஆகவில்லை. ஒரு சிட்டிகை கூடினாலும் வளர மறுக்கிறது. கடல் நுழையும் சேற்றில் குடியிருந்துகொண்டு உப்பு ஆகாது என்கிறது. மழைக்காலத்தில் ஆற்றில் நல்ல தண்ணீர் வருமே, அப்போது வந்து சேர்ந்ததாக இருக்கும். அப்படியே எழுதிவிட்டேன். பாக்டீரியாவுக்கு வீம்பு இருந்தால் எனக்குப் பிடிக்கும்.

செப்டம்பர் 5, வெள்ளி

சார் கூப்பிட்டு, “அந்தப் பய வேலை எப்படிம்மா?” என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொன்னேன். கை சுத்தமில்லை, வெறும் தட்டில்கூட வளர்கிறது, அவன் பக்கத்தில் என் தட்டுகளை வைக்கவே பயமாக இருக்கிறது. அவ்வளவுதான் சொன்னேன்.

மாலைக்குள் ஞானதிரவியம் கிருமி படாமல் தட்டு ஊற்றுகிற சுத்த மேடையில் வேலை செய்யக் கூடாது என்று உத்தரவு. அவனுக்கு இன்னும் ஆறு மாத நீட்டிப்பு வேண்டுமாம். அக்டோபர் 24ஆம் தேதி குழு கூடி முடிவு செய்யும். கிடைக்காவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருடம் தண்ணீரோடு போனது. இதெல்லாம் சொல்லும்போது எனக்குத் தெரியாது. கேட்டார்கள், சொன்னேன்.

இன்று ஆய்வகத்தில் பாட்டு இல்லை. நிம்மதியாக வேலை செய்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

புதிய இனத்தை இரண்டு நாடுகளில், இரண்டு நுண்ணுயிர்க் காப்பகங்களில் உயிரோடு ஒப்படைத்தால்தான் பெயர் செல்லும். இரண்டுமே கிடைத்தது என்று எழுதிவிட்டன. நவம்பரில் துணைவேந்தர் தலைமையில் பத்திரிகையாளர் சந்திப்பாம். இந்தக் கூத்தில் எல்லாம் எனக்கு விருப்பமில்லை.

மாலை ஒரு சுங்குடிச் சேலை எடுத்தேன். பழையது இரண்டு நைந்துவிட்டது, அதனால்.

செப்டம்பர் 18, வியாழன்

அச்சேற்றும் முன் கட்டுரையைச் சரிபார்க்க இதழ்க்காரர்கள் அமர்த்திய ஆய்வாளர் ஒருவர் (பெயர் தெரியாது, தெரிந்தால் நேரில் போவேன்) கேள்வி அனுப்பியிருக்கிறார். “இந்த இனத்தின் நெருங்கிய உறவினர்கள் எல்லோரும் தண்ணீர்க் குழாய்களிலிருந்தே கிடைத்திருக்கிறார்கள். கண்ட்ரோல் தட்டு வைக்கப்பட்டதா? அதன் படம் தேவை.”

பதினான்கு வருடம் தட்டு ஊற்றியவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஒரு குடும்பத்தில் எல்லோரும் குழாயடியில் இருந்தால் ஒருத்தி சேற்றுக்குப் போகக் கூடாதா? சரி, படம்தானே. சேறு போடாமல், என் கையால், என் கரைசலில் ஒரு வெறும் தட்டு ஊற்றி இன்குபேட்டரில் வைத்தேன். பன்னிரண்டு நாள் கழித்து அவர் முகத்தில் விட்டெறிகிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

வெறும் தட்டு பளிங்கு. எதிர்பார்த்ததுதான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வண்டி பஞ்சர். மெக்கானிக் டியூபே மாற்ற வேண்டும் என்று சாதித்தான். இன்று இன்குபேட்டரைத் திறக்கவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மைக்ரோஸ்கோப்புக்குச் சந்தனம், தராசுக்குக் குங்குமம், காய்ச்சி வடிக்கும் இயந்திரத்துக்குக் கதம்பம். விஞ்ஞானிகள் என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம். இன்குபேட்டருக்குப் பொட்டு வைக்கிற வேலை எனக்கு. ஞானதிரவியம் ஓரமாக நின்று பொரி தின்றுகொண்டிருந்தான். மேடைக்குத்தான் தடை, பொரிக்கு இல்லை.

பொட்டு வைத்துவிட்டு, வைத்தது வைத்தாயிற்று என்று கதவைத் திறந்தேன். வெறும் தட்டில் மூன்று புள்ளி. ஆரஞ்சு.

பூஜைக் கூட்டத்தில் யாரோ தட்டைத் திறந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

யாரும் திறக்கவில்லை. மூடியில் நான் ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது.

அந்தப் புள்ளிகளை மரபணு வரிசைக்கு அனுப்பினேன். கூடவே மூன்று வெறும் தட்டு புதிதாக ஊற்றினேன். ஒன்றில் என் வைட்டமின் கரைசல். ஒன்றில் கரைசலே இல்லை. மூன்றாவதில் கரைசல் உண்டு, ஆனால் தண்ணீர் ஆய்வகத்து டிஸ்டில்டு வாட்டர் கேனிலிருந்து இல்லை. மருந்துக் கடையில் வாங்கிய, ஊசிமருந்து கலக்கும் தண்ணீர். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

அக்டோபர் 13, திங்கள்

வரிசை வந்தது. ஓர் எழுத்துகூட மாறவில்லை. பி.கே. 31.

விடுதியில் இன்று அவியல். சாப்பிட முடியவில்லை, தேங்காய் ஊசிப்போயிருந்தது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

அக்டோபர் 15, புதன்

கரைசல் இல்லாத தட்டு சுத்தம். மருந்துக் கடைத் தண்ணீர் சுத்தம். நம் கேன் தண்ணீரில் செய்த கரைசல் போட்ட தட்டு முழுக்க ஆரஞ்சு.

டிஸ்டில்டு வாட்டர் பிடித்து வைக்கும் வெள்ளைக் கேனின் குழாயைக் கழற்றினேன். உள்ளே விரலை விட்டால் வழுக்கியது. விரலை வெளியே எடுத்தால் ஆரஞ்சு. எத்தனை வருடம் கழுவாத குழாய் என்று யாருக்கும் தெரியாது. இதைக் கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

தின்ன எதுவும் இல்லாத தண்ணீரில் பட்டினி கிடந்தால் சில பாக்டீரியாக்கள் சுருங்கிச் சுருங்கி வடிகட்டியின் துளையிலேயே நுழைந்து வந்துவிடும். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை வருடா வருடம் பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். நன்றாக நடத்துவேன் என்று பெயர் வேறு.

ஆக, முழங்கால் சேற்றில் நின்று நான் கொண்டுவந்த மண்ணில் இது இல்லவே இல்லை. ஆய்வகத்துக்குள் இருந்தது. என் கையால் வடிகட்டி, குப்பியில் அடைத்து, ஞானதிரவியத்துக்கும் பங்கு கொடுத்திருக்கிறேன். அவன் வெறும் தட்டில் முளைத்ததெல்லாம் என்னுடையது. வெட்கத்தில் காது சுட்டது. இந்த வரியை எழுதும்போதும் சுடுகிறது.

அக்டோபர் 16, வியாழன்

சாரிடம் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

“இது புது இனந்தானம்மா? அதுல மாத்தமில்லையே?”

“இல்ல சார். இனம் புதுசுதான். எடுத்த இடம்தான் பொய்.”

“என்ன பொய்யி? நம்ம கேனுக்குத் தண்ணி எங்க இருந்து வருது? தாமிரபரணி. தாமிரபரணி எங்க போய்ச் சேருது? புன்னைக்காயல்ல. எல்லாம் ஒரே தண்ணிதான்மா.”

ஒரு மனிதர் பேராசிரியராவதற்கு எவ்வளவு படிக்க வேண்டும் என்று இன்று புரிந்தது. காய்ச்சி ஆவியாக்கிக் குளிரவைத்த தண்ணீருக்கு ஆற்றின் விலாசம் போடுகிறார். இந்த மூளையை எங்காவது காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

“அப்போ ஞானதிரவியம் கதி, சார்?” என்றேன்.

“அவன் கிடக்கான். ஆறு வருசமா இழுத்துக்கிட்டு இருக்கான், இன்னைக்கு இல்லாட்டா நாளைக்குப் போறவந்தான். நீ ஒன் மார்ச்சைப் பாரு.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “குழுவுல ஒன்னையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. எங்கிட்ட சொன்னதையே சொல்லு, போதும். கேனை நான் மாத்தச் சொல்லிருதேன்.”

நான் ‘சரி சார்’ என்று சொல்லவில்லை. ‘முடியாது சார்’ என்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 18, சனி

புதுக் கேன் வந்துவிட்டது. எங்கள் துறையில் இவ்வளவு வேகமாக எதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறாயா என்று அண்ணன் போன் செய்தான். அவனுடைய அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “வேலை நிரந்தரம் ஆயிருமா?” ஆகிவிடும் என்றேன்.

அக்டோபர் 22, புதன்

ஞானதிரவியம் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் கேட்காமலே சொன்னான். “திருச்செந்தூர்ல மாமாவுக்குப் பேட்டரிக் கடை இருக்குக்கா. வரச் சொல்லுதாவ. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்துத வேலை. இங்க பாத்த வேலைதான்.” சிரித்தான்.

அவன் கைகளை இன்றுதான் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“என்னது இது?”

“சோப்பு ஒத்துக்கலக்கா. நாளைக்கு ஒரு இருவது தடவ கழுவுதேன். டெட்டால் போட்டும் பாத்துட்டேன். எனக்குக் கையிலயே ஏதோ இருக்கு போல. எங்க அம்மா ஜெபம்கூடப் பண்ணிட்டாவ.”

எரிச்சலாக வந்தது. ஆறு வருடம் படித்தவன், தன் கையைச் சந்தேகப்படுகிறானே தவிர என் குப்பியைச் சந்தேகப்படத் தெரியவில்லை. பிறகுதான், அவன் ஆகஸ்டிலேயே சந்தேகப்பட்டுச் சொன்னதும், நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. என் மேசையில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கொடுத்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மார்ச்சை நினைத்துக்கொண்டு என் மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

சுங்குடியைக் கட்டிக்கொண்டு போனேன். வேறு துவைத்தது இல்லை.

குழுவுக்குத் துணைவேந்தரே தலைமை. பக்கத்தில் அழகியநம்பி சார், இன்னும் இரண்டு பேர். ஞானதிரவியம் எதிரே கைகளை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துணைவேந்தர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தன் பெயரைத் தாங்கப்போகிற பாக்டீரியாவின் தாய் என்கிற முறையில் இருக்கலாம்.

“சொல்லும்மா. இந்தப் பையனுக்க வேலையில சுத்தம் இல்லைன்னு நீங்கதானே சொன்னது?” அவர் நாகர்கோவில்காரர்.

சார் எனக்குத் தலையாட்டினார், ‘சொல்லு, சொல்லு’ என்பது போல.

“ஆமா சார், சொன்னேன். தப்பாச் சொன்னேன். அவர் தட்டுல வளந்தது அவர் கையில இருந்து வரல. நான் குடுத்த கரைசல்ல இருந்து வந்தது. கரைசலுக்கு அது எங்க கேன் குழாயில இருந்து வந்தது. மூணு தட்டு வச்சுப் பாத்துட்டேன், படம் இருக்கு. இந்த ஆய்வகத்துல வெறும் தட்டு வச்சுப் பாத்த ஒரே ஆளு அவர்தான். நாங்க யாரும் வைக்கல.”

பதினான்கு வருடத்தில் நான் ‘தப்பு’ என்று மற்றவர்களைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன். பழக்கமில்லாத சொல் தொண்டையில் சிக்கத்தான் செய்யும்.

துணைவேந்தர் முட்டாள் இல்லை. அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். நேரே தட்டுக்கு வந்தார்.

“அந்தத் தட்டுல வளந்தது என்ன பாக்டீரியா?”

“நம்ம பி.கே. 31தான் சார்.”

“அலையாத்திக் காட்டுல கண்டுபிடிச்சது.”

“அங்க இல்ல சார்.”

“பின்ன எனக்க பேரு இப்ப எதுல இருக்கு?”

“குழாயில சார்.”

அழகியநம்பி சார் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். “எல்லாம் தாமிரபரணி தண்ணிதான் சார்,” என்று தொடங்கினார். துணைவேந்தர் கையைக் காட்டினார், நின்றுவிட்டது.

“எனக்க பேரை எடுத்துருங்க,” என்றார். அப்புறம் ஞானதிரவியத்திடம், “ஆறு மாசம் போதுமா தம்பி?” என்று கேட்டார். அவன் தலையை ஆட்டினான். கைகளை மேசைக்கு மேலே எடுத்து வைத்தான். துணைவேந்தர் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, குறிப்பு எழுதுகிறவரிடம் இன்னொன்றும் சொன்னார்: இனி இந்த ஆய்வகத்தில் யார் தட்டு வைத்தாலும் ஞானதிரவியம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கணக்கு.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு நையாண்டி தெரியாது என்று யார் சொன்னது?

அக்டோபர் 27, திங்கள்

சார் என்னோடு பேசுவதில்லை. இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டாராம். மார்ச்சோடு முடிந்தது. கட்டுரையிலிருந்து தன் பெயரையும் எடுக்கச் சொல்லிவிட்டார். பத்து வருடத்தில் அவர் எனக்குச் செய்த முதல் உபகாரம்.

கட்டுரையைத் திருத்தினேன். ‘எடுத்த இடம்’ என்ற வரியில் புன்னைக்காயலை அடித்துவிட்டு, ‘ஆய்வகத் தண்ணீர்க் கேனின் குழாய்’ என்று போட்டேன். இனம் புதிதுதானே, வெட்கம் எனக்குத்தான், அதற்கு இல்லை. ஞானதிரவியத்தின் வெறும் தட்டில் வந்தது இரண்டாவது சான்று, ஆகவே அவன் பெயரும் கட்டுரையில் வந்தாக வேண்டும். ‘குழாயில் வாழ்வது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லைத் தேடிப் பெயராக வைத்தேன். யாரும் குளிர்ந்து போக மாட்டார்கள்.

அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேற்று நன்றாகத் தூங்கினேன்.

அக்டோபர் 29, புதன்

காலையில் ஆறு தட்டுகளை ஊற்றி எடுத்துக்கொண்டு ஞானதிரவியத்தின் மேசைக்குப் போனேன். பாட்டு திரும்ப வந்துவிட்டது. காராச்சேவு முடியட்டும் என்று என்னை நிற்க வைத்தான். நின்றேன். கையைக் கழுவித் துடைத்து (கோட்டில் இல்லை, துணியில்), தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

“இது சரி. இது சரி. யக்கா, இதுல மூடிக்கு உள்ளுக்க தண்ணி கோத்திருக்கு. சூடு ஆறும் முன்னாடி மூடிட்டீய. இது செல்லாது.”

“ஒரு சொட்டு.”

“ஒரு சொட்டுதான். மறுபடி ஊத்திட்டு வாங்க.”

தட்டை வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன், விளக்குக்கு அடியில் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். அவன் சொன்னது தவறு என்று சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை தேடினேன்.

கிடைக்கவில்லை. மறுபடி ஊற்றினேன்.